கேம்ப்புக்கு வந்த வெளிநாட்டுப் பசங்களோட உங்களுக்கு நடந்தது ஒண்ணு சொல்லுங்க

கூடாரம்07:
எங்க ஸ்கௌட் ட்ரூப் சம்மர் கேம்ப்ல ஒரு வாரம் எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட்ஸ் வந்து தங்கினாங்க, ஆறு பேரு, அதுல ஒருத்தன் எங்க பேட்ரோல், அதாவது ட்ரூப்புக்குள்ள எங்க சின்னக் குழு. அவன் ஸ்கௌட்டும் கிடையாது, ரெண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான். மூணாவது நாள் ட்ராக்கிங் சைன், தரையில போடற வழிக்குறி, நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அம்பு போட்டா இந்தப் பக்கம், பெருக்கல் குறின்னா இந்த வழி வேண்டாம், வட்டத்துக்கு நடுவுல ஒரு கல்லுன்னா ‘வீட்டுக்குப் போயிட்டேன்’னு அர்த்தம். அந்தக் கடைசி சைனை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான், வீடுன்னா டென்ட்டா ஊரானு. நான் சரியா பதில் சொல்லல. கடைசி ராத்திரி கேம்ப் ஃபயர் முடிய லேட்டு, அவங்க பஸ் விடியறதுக்கு முன்னாடி, கிளம்பறப்ப எழுப்புடானு சொல்லிட்டுத்தான் படுத்தேன். எழுப்பல. காலைல ஜிப்பைத் திறந்தா வாசல்ல கல்லு பொறுக்கி ஒரு வட்டம், நடுவுல ஒண்ணு. சுத்தி இருந்ததெல்லாம் அங்க கிடந்த சரளை, நடுக்கல்லு மட்டும் ஓடைக்கல்லு, வழவழனு, அடில ஈர மணல் ஒட்டியிருந்துச்சு. ஓடை நல்ல தூரம், இருட்டுல போய் எடுத்துட்டு வந்திருக்கான். பன்னெண்டு வருஷம் ஆச்சு, ஏன் எழுப்பலனு இன்னும் யோசிக்கறேன்.

மழைநாள்:
படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு நண்பா. கென்யாவுல நியெரில, ஸ்கௌட்டை ஆரம்பிச்ச பேடன் பவல் கல்லறைலயும் அதே சைன்தான் இருக்கு, 1941-ல இறந்தாரு.
எனக்கு நடந்தது வேற. ராத்திரி மழைல டென்ட் கயிறு அறுந்துபோச்சு, கைல கிடைச்சது வேற மெல்லிசு கயிறு, நான் அவசரத்துல ரீஃப் நாட்டுங்கற முடிச்சு போட்டேன், இழுத்ததும் வழுக்கிடுச்சு, மறுபடி போட்டேன், மறுபடி வழுக்குச்சு. வந்திருந்த பொண்ணுங்கள்ல ஒருத்தி, அவங்க நாட்டுல ஸ்கௌட்டாம், டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு தடிக்கயிறை மடிச்சுப் பிடிச்சா, மெல்லிசை உள்ள விட்டு ரெண்டையும் ஒரு சுத்து சுத்தி அதுக்கடியிலயே செருகி இழுத்தா, ஷீட் பெண்ட்ங்கற முடிச்சு, வேலை முடிஞ்சுது. ஒரு வார்த்தை பேசல. ரீஃப் நாட்டை முதல் முடிச்சா ஏன் சொல்லித்தராங்கனு அன்னைக்கிருந்து எனக்குக் கோபம்.

பழைய_பிஎல்:
மழைநாள், ரீஃப் நாட் மேல ஏங்க கோபம்? அது ஒரே தடிமன் கயிறுக்கு, பேண்டேஜ் கட்டறதுக்கு, தட்டையா படியும் உறுத்தாது. நீங்க போட்ட இடம்தான் தப்பு.
என்னோடது சின்னது. வந்த பையன் வலது கையை நீட்டினான், நான் பழக்கத்துல இடது கையை நீட்டினேன், அவன் முகம் அப்படியே சுருங்கிடுச்சு. ஸ்கௌட்ல எங்க வழக்கமே இடது கை குலுக்கறதுதான், நெஞ்சுக்குப் பக்கம்னு சொல்லிப் புரியவைக்க ரெண்டு நாள் ஆச்சு.
இனிமே கேம்ப் நடத்தறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். விருந்தாளிப் பசங்கனு தனி டென்ட், தனி பேட்ரோல் போடாதீங்க. 1907-ல இங்கிலாந்துல பிரௌன்சீ தீவுல பேடன் பவல் நடத்தின கேம்ப்ல சுமார் 20 பசங்கதான், பணக்கார ஸ்கூல் பசங்களும் சாதாரண வீட்டுப் பசங்களும் ஒண்ணா வந்தாங்க, நாலு பேட்ரோல். அதுமாதிரி பேட்ரோலுக்கு ஒருத்தர் ரெண்டு பேரா கலந்து விடுங்க. முதல் நாளே கைல ஒரு வேலை கொடுங்க, தண்ணி கொண்டுவர்றதோ விறகு அடுக்கறதோ, சும்மா உக்காந்து வேடிக்கை பாக்கற பையன்தான் ராத்திரி அழுவான். லாஷிங், அதான் கம்புகளைக் கயிறால சேர்த்துக் கட்டறது, சொல்லித்தரும்போது பேசாதீங்க, பக்கத்துல உக்காந்து கட்டிக் காட்டுங்க, எதிர்ல உக்காந்தா எல்லாம் தலைகீழா தெரியும். ஸ்கார்ஃப் மாத்திக்கறதைக் கடைசி நாளுக்கு வைக்காதீங்க, அவசரத்துல யாரோட யாருனு விட்டுப்போகும்.

விறகுக்கட்டு:
பிஎல் அண்ணா, வேலை கொடுத்தா அழமாட்டான்னு சொல்றீங்களே, ஒத்துக்க மாட்டேன். எங்க பையன் நாள் பூரா ஓடி ஓடி வேலை செஞ்சான். நாலாவது ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா அணைஞ்ச கேம்ப் ஃபயர் பக்கத்துல தனியா உக்காந்திருந்தான், குச்சியால சாம்பலைக் கிளறிக்கிட்டு. நானும் உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு மண்ணுல அவன் வீட்டோட படம் வரைஞ்சான், கதவு, படிக்கட்டு, ஒரு நாய். நாய் பேரை மூணு தடவை சொன்னான், என்னைச் சொல்ல வச்சான். அந்தப் பேர் எனக்கு இப்ப ஞாபகம் இல்ல, அதான் கஷ்டமா இருக்கு.

கூடாரம்07:
விறகுக்கட்டு, நீங்க கூட உக்காந்தீங்கல்ல. எங்க பையனும் அப்படி ஏதோ ஒரு ராத்திரி உக்காந்திருக்கணும்னு இப்பதான் தோணுது, டென்ட் ஜிப் சத்தம் ரெண்டு தடவை கேட்டிருக்கேன், திரும்பிப் படுத்துட்டேன். அந்த ஓடைக்கல்லு என்கிட்டதான் இருக்கு. சரளையை அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்.