சுழற்சி வாந்தி: மரபணுப் பரிசோதனை செய்தவர்கள் சொல்லுங்கள்

என் மகளுக்கு 7 வயது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலை நான்கு மணிக்கு வாந்தி ஆரம்பித்தால் இரண்டு நாள் நிற்காது, பச்சையாகப் பித்தம் வரும், ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்காது, மூன்றாம் நாள் எதுவுமே நடக்காத மாதிரி தோசை கேட்பாள். ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த நோய் என்கிறார் டாக்டர். எனக்கும் அம்மாவுக்கும் அந்தத் தலைவலி உண்டு. மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் பகுதி) டிஎன்ஏ தாய்வழியாகத்தான் வரும், அதில் 16519, 3010 ஆகிய இடங்களில் உள்ள மாற்றங்களுக்கும் இந்த இரண்டு நோய்களுக்கும் தொடர்பு இருப்பதாக 2009இல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது, ஆனால் அது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் செய்தது. நம் பிள்ளைகள் யாருக்காவது இந்த மரபணு மாற்றங்களைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், முடிவு தெரிந்ததும் சிகிச்சை மாறியதா? தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த ஆறு வாரம் நெருங்குகிறது.