புதுப்பிப்பு: அப்பாயியின் வெள்ளிக் காசுகள் கறுத்தது ஏன்?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அப்பாயி மைலோ டின்னில் வைத்துவிட்டுப் போன 1904, 1920 நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) வெள்ளி டாலர்கள் கறுத்துவிட்டன, போலியோ என்று. போலி இல்லை. நாணயம் சேகரிக்கும் ஒரு பெரியவர் எடையும் அளவும் பார்த்து உறுதி சொன்னார்.

கறுப்புக்குக் காரணம் கந்தகம். காற்றில் துளியளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போதும். வெள்ளி அதோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுகிறது. படலம் மெலிதாக இருக்கும்போது மஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. நம்மூர் ஈரப்பதம் இதை வேகப்படுத்துகிறது. ஆனால் எங்கள் வீட்டில் பெரிய குற்றவாளி வேறு: காசுகளைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்ட்! ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். பேண்ட் பட்ட இடத்தில் அப்படியே கறுப்புக் கோடு.

1904 டாலரில் வெள்ளி 90 விழுக்காடு; 1920 டாலரில் 50 விழுக்காடுதான், மீதியில் செம்பு கணிசம். இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விபூதியும் புளியும் போட்டுத் தேய்க்கச் சொன்ன அக்காமார்களே, குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு வேண்டாம், தயவுசெய்து. விபூதி நுண்ணிய கீறல் போடும், முகப்பின் நுணுக்கம் தேயும், சேகரிப்பவர்களிடம் மதிப்பும் விழும். பேக்கிங் சோடா, அலுமினியத் தாள் முறையும் பழைய படலத்தை உரித்துவிடும்.

கறுப்பை அப்படியே விட்டுவிட்டேன். பிவிசி பிளாஸ்டிக் இல்லாத உறை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், காற்றுப்புகாத டப்பா வாங்கியாயிற்று. டின்னை மட்டும் அம்மா தரமாட்டேன் என்கிறார். அதில் அப்பாயியின் கையெழுத்து இருக்கிறது.