நெல்சன் கூஜா: 1806-ஆ, 1905-ஆ?

வணக்கம். லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பீங்கான் கூஜா ஒன்று வாங்கினேன். பால் ஊற்றி வைக்கிற அளவுதான். ஒரு பக்கம் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பிரபு, மறுபக்கம் அவருடைய விக்டரி கப்பல், இரண்டும் கறுப்பு அச்சு. கைப்பிடி எப்போதோ உடைந்து ஒட்டியது. "1806-இல் செய்தது, சத்தியம்" என்றார் விற்றவர். சந்தைச் சத்தியம் தெரியாதா!

டிரபால்கர் போரில் 1805 அக்டோபர் 21 அன்று நெல்சன் இறந்தார். கிரீனிச்சில் மூன்று நாள் உடலை மக்கள் பார்வைக்கு வைத்து, 1806 ஜனவரி 9 அன்று செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சமயத்தில் ஸ்டாஃபோர்ட்ஷையர், லிவர்பூல் பட்டறைகள் இப்படிக் கூஜாக்களைச் செய்து தள்ளின. செம்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்துப் பாத்திரத்தில் ஒட்டும் அச்சு. வேலை சீக்கிரம் முடியும். துக்கம் ஆறுவதற்குள் விற்றாக வேண்டுமே! சிக்கல் என்னவென்றால், 1905 நூற்றாண்டு விழாவுக்கும் நெல்சன் கூஜாக்கள் செய்திருக்கிறார்கள்.

என்னுடையதில், அடி விளிம்பில் மேல்பூச்சு தேங்கிய இடம் லேசாக நீலம் அடிக்கிறது. நெல்சனின் தோளருகே அச்சுத்தாளின் மடிப்பு ஒன்று தையல் போலத் தெரிகிறது. முத்திரை எதுவும் இல்லை. இதை வைத்துக் காலம் சொல்ல முடியுமா? அடிப்பாகத்தின் படம் போட்டிருக்கிறேன். அப்புறம், வெந்நீரில் கழுவினால் ஒட்டு விட்டுவிடுமா?