காங்கோ காக்கட்டூ காசித்தும்பை: கொழுந்து சுருள்கிறது, மொட்டு உதிர்கிறது

வீட்டில் வளர்க்கும் காங்கோ காக்கட்டூ (இம்பேஷன்ஸ் நியாம்நியாமென்சிஸ்) செடியில் மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. கொழுந்து இலைகள் சிறுத்து, விளிம்பு கீழ்நோக்கிச் சுருண்டு, தொட்டால் ஒடிகின்றன. அடிப்புறம் வெண்கல நிறத்தில் மினுங்குகிறது. பழைய இலைகளுக்கு ஒன்றுமில்லை.

இடம் கோயம்புத்தூர், கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் மட்டும். 8 அங்குலத் தொட்டியில் கோகோபீட் (தேங்காய் நார்த்துகள்), இலைமக்கு, பெர்லைட் (இலேசான பொரிகல்) சம அளவு. ஜனவரி வரை தண்டு நெடுகச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்தது, அத்தனை அழகு! பிப்ரவரி கடைசியில் சுருளல் தொடங்கியது. இப்போது ஏப்ரல், பகலில் 36 டிகிரி.

போர்வெல் தண்ணீரை விட்டு, பிடித்து வைத்த மழைநீருக்கு மாறியாயிற்று. 19:19:19 உரமும் (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ளது) நிறுத்தம். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., சோப்புக் கரைசலோடு வாரம் ஒருமுறை. பலனில்லை, சுருண்ட கொழுந்துக்குள் அது இறங்குவதே இல்லை. வலை கிடையாது, ஆகவே வலை பின்னும் செஞ்சிலந்திப் பேன் அல்ல. இலையடியில் வெண்பூஞ்சையோ, வைரஸுக்கான வளையப் புள்ளிகளோ இல்லை. 20 மடங்கு லென்ஸில் கொழுந்தின் அடியில் வெண்புள்ளி வரிசையோடு கண்ணாடி போன்ற முட்டைகள் தெரிகின்றன. மிளகாயைத் தாக்கும் அதே முரணைச் சிலந்திதான் (broad mite என்னும் நுண்ணிய பேன்).

வழக்கமான மருந்து நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் 32 டிகிரிக்கு மேல் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். இந்தச் செடியின் தண்டோ நீர் நிறைந்தது, அதனால் இன்னும் பயம். நுனிகளை வெட்டிப் புதிதாக வேர்விட வைக்கலாமென்றால், சிலந்தி இருப்பதே அந்த நுனியில்தான்.

இந்த இனத்தில் ஸ்பைரோமெசிஃபென் என்ற சிலந்திக்கொல்லி மருந்தை அடித்தவர்கள் உண்டா, லிட்டருக்கு எத்தனை மி.லி. வரை இலை தாங்கியது?