எண்ணெயை நிறுத்தியும் கல்லீரல் கொழுப்பு குறையவில்லையே, ஏன்?

நிலாமுற்றம் கேட்டது:

என் கணவருக்கு வயது 42, எடை 84 கிலோ. மதுவும் புகையும் அவரிடம் அறவே கிடையாது. சென்ற ஆண்டு வேறு எதற்காகவோ எடுத்த வயிற்று ஸ்கேனில், கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, முதல் நிலை என்று எழுதியிருந்தார்கள். அன்று முதல் வீட்டில் வறுத்தது, பொரித்தது எதுவும் இல்லை. வெண்ணெய் வாங்குவதையே விட்டுவிட்டேன். இப்போது மறுபடி ஸ்கேன் எடுத்தால் அதே வரி அப்படியே இருக்கிறது. இரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு மட்டும் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

அவருக்கு இரவு வேலை. காலையில் வீடு திரும்பியதும் ஒரு பெரிய டம்ளர் பாக்கெட் பழச்சாறு குடித்துவிட்டுப் படுப்பார். வேலையில் தூக்கம் வராமலிருக்கக் குளிர்பானமும், நடு இரவில் பசிக்கு பிஸ்கெட்டும் உண்டு. கொழுப்பு இல்லாதவைதானே என்று நானும் தடுக்கவில்லை. குடிக்காத பிள்ளைக்குக் கல்லீரல் எப்படிக் கெடும் என்று மாமியார் தினமும் கேட்கிறார். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

உணவியல் பணியாளர்:

சகோதரி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பழச்சாறு, குளிர்பானம், பிஸ்கெட். எண்ணெயை விட்டுவிட்டு இந்த மூன்றையும் பாருங்கள்.

கல்லீரலில் படியும் கொழுப்பு நாம் தின்ற கொழுப்புதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 2005இல் வந்த ஓர் ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று தடம் பிடித்துப் பார்த்தார்கள். சுமார் 15 சதவீதம்தான் உணவுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது. ஏறத்தாழ 60 சதவீதம் உடலில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து இரத்தம் வழியாக வந்து சேர்ந்தது. கால் பங்குக்குச் சற்று மேல், கல்லீரல் தானே தயாரித்தது. எதை வைத்துத் தயாரித்தது? முக்கியமாகச் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் வைத்து.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். குளுக்கோஸை மூளை, தசை என எல்லா உறுப்புகளும் எடுத்துக்கொள்ளும். பானமாக ஒரே மூச்சில் உள்ளே போகும் பிரக்டோஸின் பெரும்பகுதியோ கல்லீரலுக்குத்தான் வரும். குளுக்கோஸ் எரியும் பாதையில் ‘போதும்’ என்று நிறுத்தும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிரக்டோஸ் அந்தக் கட்டத்தைத் தொடாமல் தாண்டிவிடுகிறது. மிஞ்சியது கொழுப்பாக மாறுகிறது, அதில் ஒரு பகுதி ட்ரைகிளிசரைடாக இரத்தத்தில் ஏறுகிறது. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் கூடியிருப்பது அதுவாக இருக்கலாம்.

330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழச்சாற்றில் உள்ள இயற்கைச் சர்க்கரையும் அந்தக் கணக்கில் சேரும். முழுப் பழம் சேராது. நார்ச்சத்தோடு மென்று தின்னும்போது சர்க்கரை மெதுவாகவே இறங்கும், வயிறும் நிறையும்.

2019இல் வெளியான ஓர் ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ள 11 முதல் 16 வயதுச் சிறுவர்களுக்கு 8 வாரம் சேர்க்கப்பட்ட சர்க்கரையை மட்டும் வெகுவாகக் குறைத்தார்கள். கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக இறங்கியது. இதைப் படித்த நாளிலிருந்து என்னிடம் வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக, என்ன குடிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்காக எல்லாக் கொழுப்பும் ஒன்று என்று சொல்லவில்லை. ஸ்வீடனில் இளைஞர்களுக்குக் கூடுதலாக மஃபின் எனும் சிறு கேக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாமாயிலில் செய்தது, இன்னொரு பிரிவினருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு பிரிவினருக்கும் எடை ஒரே அளவில்தான் கூடியது. கல்லீரல் கொழுப்பு பாமாயில் தின்றவர்களுக்கே அதிகம் கூடியது. எனவே பிஸ்கெட் இரண்டு வழியிலும் கெடுதல்: மாவும் சர்க்கரையும் ஒரு பக்கம், பாமாயில் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு மறுபக்கம். சமையலில் அளவாக நல்ல எண்ணெய் திரும்ப வரட்டும். அவருக்கு நடு இரவில் அவ்வளவு பசிப்பதற்கு எண்ணெயே இல்லாத சாப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: மது அருந்துவோரின் கல்லீரலில் காணும் அதே சேதத்தைக் குடிப்பழக்கம் இல்லாத 20 பேரிடம் கண்டதாக 1980இலேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர் யூர்கன் லுட்விக் குழுவினர் எழுதிவிட்டார்கள். பெற்ற மனம் பதறுகிறது, பொறுமையாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

மெலிந்தவன்:

நான் ஒல்லியான ஆள், எனக்கும் இது வந்தது. ஆகவே தொப்பை இருந்தால்தான் வரும் என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள் சகோதரி. ‘சர்க்கரை’ என்று நாலாவது இடத்தில் போட்டிருப்பார்கள், அதற்குக் கீழே குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று தனித்தனியாக வரிசை கட்டும். எல்லாவற்றையும் கூட்டினால் முதலிடத்துக்கே வந்துவிடும். என் அலுவலக நண்பர் ஒருவர் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் எடையைக் குறைத்தார். அப்படிச் செய்தால் சீக்கிரம் சரியாகுமா?

உணவியல் பணியாளர்:

வேண்டவே வேண்டாம். எடை மளமளவென்று குறைந்தால் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் வந்து குவியலாம், கல்லீரல் வீக்கம் கூடலாம், பித்தப்பைக் கல்லும் வரலாம். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும்.

நிலாமுற்றம்:

மிக்க நன்றி. நேற்றிரவு பழச்சாற்றுக்குப் பதில் தண்ணீரும், பிஸ்கெட்டுக்குப் பதில் வேகவைத்த முட்டையும் கட்டிக் கொடுத்தேன். காபி குடிக்கலாமா? எடை எவ்வளவு குறைய வேண்டும்?

உணவியல் பணியாளர்:

சர்க்கரை போடாத காபி தாராளமாகக் குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பகலில் தூங்குகிறவர் வேலை நேரத்தின் முற்பகுதியிலேயே குடித்து முடிக்கட்டும்.

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே படிந்த கொழுப்பு இறங்கத் தொடங்கும். வீக்கம் தணிய 7 சதவீதம் வேண்டும், அவருக்கு அது ஏறத்தாழ 6 கிலோ. தழும்பு இருந்தால் 10 சதவீதம் வரை போக வேண்டும்.

தழும்பு இருக்கிறதா என்பது ஸ்கேனில் எழுதும் ‘முதல் நிலை’யிலிருந்து தெரியாது. அது கொழுப்பின் அளவை மட்டுமே சொல்கிறது. தழும்பைக் கணிக்க, வயது, இரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் எண்ணிக்கை நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்குப் போடுவார்கள். எஸ்ஜிபிடி மட்டும் சரியாக இருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், தழும்பு உள்ளவர்களுக்கும் அது சரியாகக் காட்டலாம். அடுத்த முறை மருத்துவரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையையும் அதோடு எடுத்துவிடுங்கள்.