இரோம் ஷர்மிளாவுக்கு அந்த தெம்பு எங்கேருந்து வந்துச்சு?

கடலோரம்77:
பொண்ணுக்கு ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, தலைப்பு அகிம்சை. எல்லாரும் காந்தியத்தான் பேசுவாங்க, வேற யாராவது சொல்லுப்பான்னா. எனக்கு டக்குன்னு இரோம் ஷர்மிளா ஞாபகம் வந்துச்சு. 2000 நவம்பர்ல மணிப்பூர் மாலோம் பஸ் ஸ்டாப்ல படைக்காரங்க 10 பேர சுட்டுக் கொன்னதுக்கப்புறம், வாரன்ட் இல்லாம புடிக்க, சுடக்கூட படைகளுக்கு அதிகாரம் குடுக்குற ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்த எடுக்கணும்னு உண்ணாவிரதம் உக்காந்தவங்க, அப்ப வயசு 28, 2016 வரைக்கும் வாயில ஒண்ணும் வைக்கலன்னு சொன்னேன். "அவ்ளோ தெம்பு எங்கேருந்துப்பா வந்துச்சு?"ன்னு கேட்டா. பதில் தெரியாம முழிச்சேன்.

வெள்ளைச்சட்டை:
நான் நர்ஸ். மூக்குல ரைல்ஸ் டியூப் போட்டா ரெண்டே நாள்ல பேஷன்ட் புடுங்கி எறிய பார்ப்பாங்க, தொண்டை அப்படி உறுத்தும். இவங்களுக்கு இம்பால் ஆஸ்பத்திரியில காவல்ல வெச்சு அந்த டியூப்லதான் வருஷக்கணக்கா ஆகாரம் போச்சு, நினைச்சாலே எனக்கு தொண்டை அடைக்குது. ஒண்ணு சொல்லுங்க பாப்பாகிட்ட, அவங்களுக்கு வியாழக்கிழமை விரதம் இருக்குற பழக்கம் உண்டு, மாலோம் நடந்ததும் வியாழக்கிழமைதான். ஏற்கனவே பழகின விரதத்த நிறுத்தாம அப்படியே நீட்டிட்டாங்க. எனக்கு அதுதான் பதில்னு தோணுது.

மதுரைக்காரன்:
கேஸ் விஷயத்தையும் சேர்த்துக்கங்க. தற்கொலை முயற்சின்னு இந்திய தண்டனைச் சட்டம் 309வது பிரிவுல புடிச்சாங்க, அதுல அப்ப அதிகபட்சம் ஒரு வருஷம்தான் தண்டனை, அதனால வருஷா வருஷம் விடுறது, அவங்க சாப்பிட மாட்டாங்க, திரும்ப புடிக்கிறது. கோர்ட்லயே சொன்னாங்க, எனக்கு சாகணும்னு ஆசை இல்ல, இது போராட்டம்னு. அந்த ஆயுதப்படைச் சட்டம் போற வரைக்கும் அம்மாவ பார்க்க மாட்டேன்னு வேற இருந்தாங்க, அத படிச்சப்ப நான் அழுதுட்டேன்.

மலைப்பாதை:
முடிவ மறைச்சிடாதீங்க சார். 2016 ஆகஸ்ட் 9ம் தேதி ஒரு சொட்டு தேன் தொட்டு விரதத்த முடிச்சாங்க, சட்டம் அப்பவும் போகல, ஊர்ல பல பேருக்கு கோவம். 2017ல தவுபால் தொகுதியில நின்னு வெறும் 90 ஓட்டு. அதே வருஷம் நம்ம கொடைக்கானல்லதான் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. இத தோல்வின்னு சொல்றவங்கள என்னால ஏத்துக்கவே முடியாது, 16 வருஷம் குடுத்தவங்ககிட்ட இன்னும் குடுன்னு கேக்க நமக்கு என்ன உரிமை இருக்கு?

கடலோரம்77:
எல்லாருக்கும் நன்றிங்க. பொண்ணுகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன், வியாழக்கிழமை விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்னு சொல்லிட்டா, கொடைக்கானலையும் விடமாட்டாளாம். நாலு நிமிஷம்தான் டைம், எத குறைக்கிறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்.