வீட்டில் யாருக்குச் சொல்வது?

கேள்வி: வாவிக்கரையான்

கத்தாருக்கு இரண்டாம் முறை வேலைக்குப் போனபோது, அங்கே எடுத்த மெடிக்கலில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை சரிவரவில்லை என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். இப்போது மட்டக்களப்பில் அரச கிளினிக்கில் மருந்து எடுக்கிறேன். இலவசம்தான், இரவில் ஒரு குளிசை. கடைசியாகப் பார்த்தபோது வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார் டொக்டர். உடம்புக்கு ஒன்றுமில்லை. பிரச்சினை வீடுதான்.

இருப்பது அக்காவுக்குக் கொடுத்த வீட்டில். நம் பக்கத்து வழமை தெரியும்தானே, வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மாவும் அங்கேதான். அக்காவின் பிள்ளைகள் என் தட்டில்தான் கை வைப்பார்கள். குளிசைப் போத்தலின் லேபிளை உரித்து, குலுங்கினால் சத்தம் வராமல் பஞ்சு அடைத்து, பயணப் பைக்குள் வைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் அம்மா தூங்கின பிறகுதான் திறப்பேன்.

இதற்கிடையில் அம்மா கல்லாற்றில் பெண் பார்த்துவிட்டார். குறிப்பும் பொருந்திவிட்டதாம். மறைத்துத் தாலி கட்ட என்னால் முடியாது. அம்மாவிடம் சொன்னால் அவர் தாங்குவாரா தெரியவில்லை. அத்தான் நல்ல மனிதர், ஆனால் அவர் வீட்டாரின் காதில் விழுந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆரையம்பதி அக்கா

தம்பி, நானும் மருந்து குடிக்கிறவள்தான். மகள் வயிற்றில் இருந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் தெரிய வந்தது. அப்போதே மருந்து தொடங்கியதால் மகளுக்குத் தொற்று இல்லை, பள்ளிக்கூடம் போகிறாள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார அமைப்பே சான்று கொடுத்ததே, அந்தச் செய்தியை வாசித்து நான் அழுதிருக்கிறேன்.

நான் முதலில் சொன்னது அம்மாவுக்கு இல்லை, சின்னம்மாவுக்கு. அம்மாவுக்கு என்மேல் உயிர். ஆனால் துக்கம் வந்தால் குரலெடுத்து அழுவார், அயலட்டையெல்லாம் கூடிவிடும். சின்னம்மா ஒருவர் கதையை இன்னொருவரிடம் கொண்டுபோனதே கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

சொன்ன பிறகு கொஞ்ச நாள் என் தேத்தண்ணிக் கோப்பையைச் சின்னம்மா தனியாகக் கவிழ்த்து வைத்தார். மனது நொந்தது, ஆனாலும் வாதாடவில்லை. அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தாதி மிஸ்ஸிடம் தன் பயத்தையெல்லாம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் கோப்பை மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

பதில்: கல்முனைத் தாதி

ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே கழிவறையைப் பாவிப்பதால் இது பரவாது. பிள்ளைகளைத் தள்ளி வைக்காதீர்கள். இரத்தம் படக்கூடிய சவர அலகை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

வைரஸ் கண்டறிய முடியாத நிலையிலேயே தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலமும் தொற்றாது. ஐரோப்பாவில் பல நாடுகளில் நடந்த ‘பார்ட்னர்’ ஆய்வில், அப்படி மருந்து எடுத்தவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுக்கூட வரவில்லை. மனைவிக்குத் தொற்றாவிட்டால் பிள்ளைக்கும் பயமில்லை. ஆனால் குளிசையை ஒழுங்காக எடுத்தால்தான் இதெல்லாம். அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்து நீங்களே தூங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது அதற்கும் நல்லது. அப்புறம், நீங்கள் எடுப்பது டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து கலந்த குளிசை என்றால், நெஞ்செரிவு மருந்தையோ இரும்புச்சத்துக் குளிசையையோ கிளினிக்கில் கேட்காமல் அதோடு சேர்த்து எடுக்காதீர்கள்.

பதில்: படுவான்கரை

கல்லாற்றுச் சம்பந்தத்தை இப்போதே நிறுத்துங்கள். வேலை அமையட்டும் என்றால் போதும், பொய்யும் இல்லை. கட்டப்போகிற பெண்ணுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் நீங்களே, தரகர் மூலம் இல்லை. ஆனால் வீட்டில் ஒருவரும் பக்கத்தில் நிற்காத நேரத்தில் வெளியாளிடம் சொன்னால், செய்தி அவர்கள் வழியாகத்தான் உங்கள் அம்மாவிடம் வந்து சேரும்.

வாவிக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. சம்பந்தத்தைத் தள்ளிப்போடச் சொல்லி அம்மாவிடம் கதைத்துவிட்டேன். கோபம்தான், பரவாயில்லை. அக்காவிடம் சொல்லப் போகிறேன். ஏ.எல். பரீட்சையில் கடைசிப் பாடத்தை நான் எழுதாமல் வந்ததை இன்றுவரை அம்மாவிடம் சொல்லாதவள் அவள். அத்தானுக்குச் சொல்வதா என்பதை அவளே முடிவு செய்யாமல் என்னிடம் விடச் சொல்லிக் கேட்பேன். கிளினிக்குக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

கல்முனைத் தாதி

போகலாம். முதலில் உங்கள் மிஸ்ஸிடம் சொல்லி, ஆறுதலாகக் கதைக்கக்கூடிய ஒரு நேரத்தைக் கேட்டு வையுங்கள். எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.